நான்காம் பெட்டி

நான் வேலையை விட்ட நாளில், கேக் வெட்டி முடிந்ததும், களஞ்சியத்தில் வேலை செய்யும் நீங்கள் ஆறு பேரும் என்னைப் பேசச் சொன்னீர்கள். நான் பிரெஞ்சில் நன்றிக்கு ஒரு "மெர்சி" மட்டும் சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். குழாயைத் திறந்த பிறகுதான் அவை காகிதத் தட்டுகள் என்று கண்டேன்.

நாலு பேருக்கு முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகள் இருக்கும். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூன்று பேரும் மற்றவர்களுக்குப் பிரெஞ்சில் சொல்லிவிடுங்கள்.

பெட்டி தூக்குவது, தள்ளுவண்டி தள்ளுவது, அடுக்கின் எண் பார்த்து எடுப்பது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதைப்பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் எழுதப்போவது நீங்கள் அடிக்கடி தூக்கும் அந்த ஐரிஷ் வணிகர் குடும்பத்துப் பெட்டிகளைப் பற்றி. பதினாறு பெட்டிகள் என்று உங்களுக்குத் தெரியும். அவற்றுக்கு என்ன நடந்தது என்பது எனக்கும் எங்கள் காப்பாளருக்கும்தான் முழுக்கத் தெரியும்.

இந்த ஆவணக் காப்பகத்துக்கு வருவதற்கு முன் நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பதினொரு வருடம். பெரிய தட்டோடு பெரிய தட்டு, சின்னத் தட்டோடு சின்னத் தட்டு, கிண்ணத்துக்குள் கிண்ணம். மூளை தூங்கினாலும் கை அடுக்கும். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்று. பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை. நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பகுதியில் ஆற்றுக்கு அருகே இருந்த ஒரு கல் வீட்டுக்குக் காப்பாளர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். காப்பாளர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண், கியூபெக்காரர். அந்த வீட்டில் எண்பத்து மூன்று வயது அம்மா ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தை அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்துப் பக்கம் கடை போட்டவர். உப்பு, வெண்ணெய், உப்பிட்ட மீன் விற்றவர். அவருடைய கடிதங்களும், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எழுதியவையும் அந்த வீட்டின் அடித்தளத்தில் இருந்தன.

அந்த அம்மா படியில் நின்றபடியே கதையைச் சொன்னார். வணிகருக்குப் பிரிஜெட் என்று ஒரு தங்கை. அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது அங்கேயே இருந்தாள், அங்கேயே செத்துப்போனாள். அவளை இவர் கூப்பிடவே இல்லை என்று குடும்பத்தில் ஒரு பாதி சொல்லும். கூப்பிட்டார், அவள்தான் வரவில்லை என்று மறு பாதி சொல்லும். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இந்தச் சண்டை ஐந்து தலைமுறையாக நடக்கிறதாம்.

"பதில் கீழே இருக்கிறது. ஒருவரும் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஈஸ்டர் முடிந்ததும் வாருங்கள், கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன்" என்றார்.

காப்பாளரை மேலே தேநீர் குடிக்கக் கூட்டிப்போனார். நான் கூச்சத்தில் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடித்தளத்திலேயே நின்றேன். பெட்டிகளை எண்ணிப் பென்சிலால் இலக்கம் போடுவதுதான் என் வேலை. போட்டேன். நான்காம் பெட்டியின் மூடி மூடவில்லை. உள்ளே சிறு சிறு கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு பெரிய தாளும் ஒரு சின்னத் துண்டும் சேர்த்து நூலால் கட்டப்பட்டிருந்தன. துண்டுகள் பிதுங்கிக்கொண்டு நின்றதால் பெட்டி வீங்கியிருந்தது. மேலே பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டிருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு கட்டுகளை அவிழ்த்தேன். பெரிய தாளைப் பெரிய தாளோடும் சின்னதைச் சின்னதோடும் அடுக்கினேன். மூடி அழகாக மூடிக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

காப்பாளர் இறங்கி வந்து மூடியைத் திறந்தார். சத்தம் போடவில்லை. அவிழ்க்காமல் மிஞ்சியிருந்த ஒரு கட்டை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்து வாசித்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"பெரியது வந்த கடிதம். சின்னது அதற்கு அந்த வணிகர் எழுதிய பதிலின் நகல். பார், துண்டில் பெயர் இல்லை, தேதி இல்லை. கட்டி வைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்."

எனக்குக் காது சுட்டது. எந்தத் துண்டு எந்தத் தாளோடு இருந்தது என்று எனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கிறது, திரும்பக் கட்டித் தருகிறேன் என்றேன்.

"ஓரளவு என்றால் எத்தனை?"

"இரண்டு... மூன்று."

"சத்தியம் பண்ணுவாயா?"

நான் நூலைக் கீழே வைத்தேன்.

"அப்படியென்றால் கட்டாதே. நீ ஊகித்துக் கட்டினால் நூறு வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு அது அவரே கட்டியது மாதிரித் தெரியும். அவிழ்ந்தது அவிழ்ந்ததாகவே இருக்கட்டும்."

பன்னிரண்டு கடிதங்களையும் பன்னிரண்டு துண்டுகளையும் ஓர் உறையில் போட்டு நான்காம் பெட்டியிலேயே வைத்தார். வீட்டுக்கார அம்மாவிடம் அன்று சொல்லவில்லை. முதலில் வாசித்துப் பார்ப்போம், பிறகு நானே சொல்கிறேன் என்றார் காப்பாளர். போகும்போது அந்த அம்மா என் கையில் பிஸ்கட் தந்தார். பஸ்ஸில் அதை வைத்துக்கொண்டே வந்தேன். தின்ன முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை காலை காப்பாளர் என் வீட்டுக்குப் போன் செய்தார். அவர் காஸ்பேயில், தாயார் வீட்டில் இருந்தார். அங்கிருந்து வர ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும்.

"அஹுன்ட்சிக் வீட்டின் அடித்தளத்தில் தண்ணீர். பம்ப் நின்றுவிட்டது. வீட்டுக்கார அம்மா இப்போதுதான் அழைத்தார். அவருடைய மருமகன் காப்புறுதிக்காரரிடம் சொல்லித் துப்புரவு ஆட்களை அனுப்பியிருக்கிறார். கீழே உள்ள எல்லாவற்றையும் குப்பைக் கொள்கலத்தில் போடச் சொல்லிவிட்டாராம். நீ போ."

"நான் போய் என்ன செய்ய?"

"நனைந்த காகிதத்தை உறைய வைக்கவேண்டும். நாளைக்குள் வைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். நாம் வழக்கமாகக் கொடுக்கும் இடம் செவ்வாய் வரை பூட்டு. ஈரக் காகிதத்தைக் களஞ்சியத்துக்குள் விடக்கூடாது, மற்றதற்கும் பரவும். எங்கே வைப்பது என்று நீயே முடிவு செய்."

போனை வைக்கும் முன் சொன்னார்: "வரிசை குலையாமல் எடு."

என் பழைய வான் வண்டியில் போனேன். வழியில் மூலையில் இருந்த தெப்பனேர் கடையில் நிறுத்தி, பால் வரும் பிளாஸ்டிக் கூடைகள் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் எத்தனை வேண்டும் என்றார். எல்லாமே என்றேன். மெழுகுக் காகிதச் சுருள்களையும் வாங்கினேன். அந்தக் கடையில் நான் இவ்வளவு பேசியது அன்றுதான்.

வீட்டுக்கு முன்னால் கொள்கலம் நின்றது. பழைய மேசை ஒன்று ஏற்கெனவே அதற்குள் கிடந்தது. நாலு ஆட்கள் மழைக்கோட்டோடு நின்றார்கள். தலைவர் பெரிய உடம்புக்காரர். அவருடைய பிரெஞ்சு எனக்குப் பாதிதான் விளங்கியது. ஒன்று விளங்கியது: இன்னும் மூன்று வீடு இருக்கிறது, வழியை விடு.

என்னால் வாதாட முடியாது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடித்தளத்துக்கு இறங்கும் படியில் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். ஒடுக்கமான படி. நான் உட்கார்ந்தால் யாரும் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது.

"மிஸ்யே, எழும்புங்கள்."

"முடியாது."

"நீங்கள் யார்? வீட்டுக்காரரா?"

"இல்லை. பெட்டி தூக்குகிறவன்."

"நாங்களும் அதுதான்!" என்றார். பின்னால் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் எழும்பவில்லை.

அந்த நேரத்தில் வீட்டுக்கார அம்மா இரப்பர் பூட்ஸோடு வந்தார். எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை, கையெழுத்து ஆகவில்லை, பெட்டிகள் இன்னும் அவருடையவை. "மேடம், பெட்டிகளை நான் கொண்டுபோகலாம் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள்" என்றேன். அவர் ஓர் ஈஸ்டர் வாழ்த்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார். அந்தக் கூட்டெழுத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. தலைவர் வாசித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மத்தியானம் வரை. அதற்குப் பிறகு மிச்சம் எனக்கு."

இரண்டு மணி நேரம்கூட இல்லை. கீழே தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. குளிர் எலும்பைப் பிடித்தது. அடித்தட்டில் இருந்த ஆறு பெட்டிகள் நன்றாக ஊறிவிட்டன. மேல்தட்டில் இருந்தவற்றுக்குச் சுவர் வழியாகக் கசிந்திருந்தது. குப்பைப் பைகளில் அள்ளிப் போட்டால் அரை மணியில் எல்லாம் வெளியே வந்துவிடும். துப்புரவுத் தலைவர் பைகளை நீட்டவும் செய்தார், நல்ல மனத்தோடுதான். வேண்டாம் என்றேன். கலந்துவிட்டால் பதினாறு பெட்டியும் நான்காம் பெட்டி ஆகிவிடும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். என் கை முதலில் நான்காம் பெட்டிக்குத்தான் போனது. மற்றது போனாலும் அது பிழைக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கையை இழுத்துக்கொண்டேன். என் பிழையைக் காப்பாற்ற என்னை அனுப்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு நான்கு. அடி கழன்ற பெட்டியைத் தூக்கினால் எல்லாம் கொட்டும். ஆகவே பெட்டியை அது இருந்த இடத்திலேயே கிழித்து, உள்ளே இருந்த வரிசைப்படியே கூடைக்கு மாற்றி, நடுவில் மெழுகுக் காகிதம் வைத்து, ஒவ்வொரு கூடையிலும் மட்டைத் துண்டில் பென்சிலால் இலக்கம் எழுதினேன். பேனா மை தண்ணீரில் கரையும், பென்சில் கரையாது. எட்டாம் பெட்டிக்கு வந்தபோது துப்புரவு ஆட்களில் ஒருவர் தானாக இறங்கி வந்து கூடைகளை வாங்கி மேலே கொடுக்கத் தொடங்கினார். பிறகு மற்றவர்களும் படியில் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். தலைவர் கடைசிக் கூடையைத் தானே வானில் ஏற்றினார். மத்தியானம் தாண்டிக் கால் மணி ஆகியிருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

வான் நிறையக் காகிதம், அடியில் தண்ணீர் வடிகிறது. எங்கே போவது?

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் மீன் வாங்கும் கடை ஒன்று உண்டு. பின்பக்கம் ஆள் நுழையக்கூடிய பிரீசர் அறை. முந்தின நாள், இறைச்சி தின்னாத பெரிய வெள்ளிக்கு, மீன் முழுக்க விற்றுப்போயிருக்கும், அறை பாதி காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், ஊர்க்காவற்றுறைக்காரர். ஏப்ரனோடு வெளியே வந்து வானுக்குள் எட்டிப்பார்த்தார்.

"என்னண்ணை இது?"

"கடிதங்கள், தம்பி. நனைஞ்சுபோச்சு. உன்ரை பிரீசருக்கை மூண்டு நாள் வைக்கவேணும்."

"விசரே அண்ணை உங்களுக்கு? ஆற்றை கடிதம்?"

"ஒரு ஐரிஷ்காரற்றை."

"ஆள் எங்கை?"

"செத்து நூறு வரியத்துக்கு மேலை."

"அப்ப அவசரமில்லைத்தானே! செவ்வாய்க்கிழமை வாங்கோ."

"இண்டைக்கு விட்டால் நாளைக்குப் பூஞ்சணம் பிடிச்சிடும். ஒருத்தரும் வாசிக்கேலாமல் போயிடும்."

"அண்ணை, சுகாதாரக்காரன் வந்தால் என்னைத்தான் பிடிப்பான். பாரை மீனுக்குப் பக்கத்திலை பழைய கடுதாசி ஏன் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் சொன்னது நியாயம். வான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார்.

"ஆள் என்ன தொழில்?"

"கடை வைச்சிருந்தவர். உப்பு, வெண்ணெய், உப்பு மீன்."

"மீனோ?"

"ஓம். பீப்பாய்க்கணக்கிலை."

"அதை முதல் சொல்லியிருக்கலாமே. எங்கடை ஆளெல்லோ! இறக்குங்கோ, இறக்குங்கோ."

வலப்பக்கத் தட்டு முழுக்கத் துடைத்து, கழுவி, பிளாஸ்டிக் விரிப்பு விரித்துத் தந்தார். மீன் பெட்டிகள் எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளினார். நடுவிலும் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டார். ஒன்று முதல் பதினாறு வரை இலக்கப்படி அடுக்கினோம். அவர் இலக்கங்களைச் சத்தமாக வாசிக்க நான் வைத்தேன்.

காப்பாளர் திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கி, பையோடு நேரே மீன்கடைக்கு வந்தார். பிரீசருக்குள் நின்று ஒவ்வொரு மட்டையையும் பார்த்தார். கடைக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு, "மேடம், எல்லாம் பிரெஷ். நூற்றைம்பது வருடத்துச் சரக்கு" என்று பிரெஞ்சில் சொன்னார். காப்பாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "வரிசை?" என்றார். "இருக்கிறது" என்றேன். "நான்கைத் தவிர" என்றும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அவற்றை உறைந்த நிலையிலேயே உலர்த்தும் இடத்துக்குக் கொண்டுபோனோம். பல மாதம் பிடித்தது. திரும்பி வந்த தாள்கள் கொஞ்சம் நெளிந்திருந்தன, ஆனால் வாசிக்கலாம். மீன் மணமும் இல்லை. முகர்ந்து பார்த்தேன்.

காப்பாளர் பெட்டி பெட்டியாக வாசித்தார். பிரிஜெட்டின் கடிதங்கள் ஐந்து கிடைத்தன. ஐந்திலும் தன்னைக் கூப்பிடும்படி கேட்டிருந்தாள். கடைசிக் கடிதத்தில் வீட்டில் இனி அவித்துத் தின்ன ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாளாம். ஐந்துமே நான்காம் பெட்டியில், நான் அவிழ்த்த பன்னிரண்டுக்குள் இருந்தன. மிச்சம் ஏழும் அதே காலத்தில் மற்ற உறவினரும் அயலவரும் அதையே கேட்டு எழுதியவை. துண்டுகள் பன்னிரண்டு. சிலவற்றில், இந்த வருடம் முடியாது. சிலவற்றில், கப்பலுக்குச் சொல்லியாயிற்று, புறப்பட்டு வா. பெயர் இல்லை.

நான் ஒரு வழி நினைத்தேன். நூல் இத்தனை வருடம் இறுக்கிக் கட்டியிருந்தால் தாளில் தடம் பதிந்திருக்கும். துண்டின் தடத்தையும் கடிதத்தின் தடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு நாள் மதிய உணவு நேரத்தில் விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். தண்ணீரில் ஊறிய தாள் எல்லாத் தடத்தையும் விட்டுவிட்டது.

காப்பாளர் அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதினார், பிழை காப்பகத்துடையது என்று. கடிதத்தைத் தபாலில் போடவேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னும் கையெழுத்தாகாத நன்கொடைப் பத்திரத்தையும் ஓர் உறையில் வைத்துத் தந்தார். "கேட்டால் கொடு. கேட்காவிட்டால் திருப்பிக் கொண்டு வா. அவர் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டாலும் அது அவருடைய உரிமை."

அந்த அம்மா கதவைத் திறந்து, "தண்ணீரில் நின்ற மனிதர்!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உடைந்து உடைந்து. நான் அவிழ்த்தேன், தண்ணீருக்கு முன்பே, நீங்கள் மேலே தேநீர் குடிக்கும்போது. பிரிஜெட் கேட்டிருக்கிறாள். பதிலும் இருக்கிறது. எது அவளுடைய பதில் என்று தெரியாது.

அடுப்பில் தண்ணீர்க் கெண்டி கூவியது. அவர் எழும்பிப் போய் அணைத்துவிட்டு வந்தார்.

"வா என்றும் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"முடியாது என்றும்?"

"இருக்கிறது, மேடம்."

"கட்டை அவிழ்த்தவர் நீங்கள். கையில் பிடித்தவர். உங்களுக்கு ஏதோ ஞாபகம் இருக்கும். பிரிஜெட்டுக்கு எழுதியது எது?"

எண்பத்து மூன்று வயது. அவருக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. "வா" என்று ஒரு சொல் சொன்னால் அவர் முகம் மலர்ந்திருக்கும். யாரும் அதைப் பொய் என்று காட்டவும் முடியாது.

"தெரியாது" என்றேன். "ஞாபகம் இருக்கிறது என்று சொன்னால் அது என்னுடைய ஊகம். அவருடைய பதில் அல்ல."

"எனக்கு ஆறுதலுக்காகவாவது சொல்லலாமே."

"தெரியாது, மேடம்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் அப்பா அவிழ்க்கவில்லை. அவருடைய அப்பாவும் அவிழ்க்கவில்லை. நான் இந்த வீட்டில் பிறந்தவள். தினமும் அந்தப் படிக்கு மேலே நடந்தேன், ஒரு நாள் இறங்கி அவிழ்த்திருக்கலாம். முடியாது என்று பதில் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். எனக்குக் கோபம்தான். தேநீர் குடியுங்கள்."

குடித்தேன். கோப்பையை வைத்ததும், "அந்தப் பத்திரம் எங்கே?" என்று கேட்டார். உறையை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற இடத்தில் இருக்கட்டும். என் மருமகனுக்கு எல்லாமே தெரியும்" என்றார்.

பெட்டிகளில் இருப்பவற்றின் அட்டவணை தயாரானபோது நான்காம் பெட்டிக்கு என்ன எழுதுவது என்று காப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். வெள்ளத்தில் ஒழுங்கு குலைந்தது என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்காக அவர் அதற்கும் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன்.

"தண்ணீர் அவிழ்க்கவில்லை" என்றேன். "நடந்ததை எழுதுங்கள்."

எழுதினார். பன்னிரண்டு கட்டுகள் வெள்ளத்துக்கு முன் காப்பக ஊழியர் ஒருவரால் அவிழ்க்கப்பட்டன, எந்தத் துண்டு எந்தக் கடிதத்துக்கு உரியது என்று தெரியாது.

இப்போதும் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை யாராவது நான்காம் பெட்டியைக் கேட்டு வருவார்கள். உங்களில் ஒருவர்தான் தூக்கிக்கொண்டுபோய் மேசையில் வைப்பீர்கள். வருகிறவர் கெட்டிக்காரராக இருந்தால், இந்தத் துண்டு பிரிஜெட்டுக்குத்தான் என்று அடித்துச் சொல்வார், உங்களையும் ஆம் என்று சொல்ல வைக்கப் பார்ப்பார். அட்டவணையில் அந்த வரியைக் காட்டுங்கள். அத்தனை பெரிய அட்டவணையில் என் வேலையைப் பற்றி இருப்பது அந்த ஒரு வரிதான். அதை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.